கதைக்கு ஐம்பது வெள்ளி

கெலாங் பாத்தா
12 ஜனவரி 2025

அன்புத் தம்பி சுப்ஹானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகள் ஆப்ரினும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். மழை விடாததால் என் முட்டி மட்டும் தன் வேலையைக் காட்டுகிறது. உன் சர்க்கரை எப்படி? தே தாரிக் டீயை நீ விட்டுவிட்டதாக மைமூன் போனில் சொன்னாள். உன் பெண்டாட்டி நல்லவள், நீ சொல்வதையெல்லாம் நம்புகிறாள். நான் நம்பவில்லை.

நேற்று மாலைதானே முக்கால் மணி நேரம் போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று கேட்பாய். உறையைப் பார்த்தவுடனே உனக்குப் புரிந்திருக்கும். சண்டை விஷயம்தான். சண்டை வரக்கூடியதைப் போனில் பேசக் கூடாது, தாளில் எழுதித்தான் கேட்க வேண்டும் என்பது அத்தா நமக்குப் போட்ட சட்டம். வீட்டுப் பங்கு பேச்சில் நான் போனைப் பட்டென்று வைத்து, எட்டு மாதம் நாம் முகம் பார்க்காமல் இருந்தோமே, அதற்கப்புறம் போட்டது. "எழுதுங்க. கை வலிச்சா பாதிக் கோவம் தானா எறங்கிடும்" என்பார்.

விஷயம் இதுதான். ‘ஆற்றுமுகம்’ பத்தாம் ஆண்டு மலருக்கு என்னிடம் கதை கேட்டிருந்தாய். கதை தயாராக இருக்கிறது, கையெழுத்தில் பதினாலு பக்கம். ஆனால் இந்தத் தடவை காசு கொடுத்தால்தான் கதை. ஐம்பது வெள்ளி.

சிரிக்காதே. நீ பத்திரிகை ஆரம்பித்த நாளிலிருந்து உனக்கு முப்பத்தொரு கதை எழுதிவிட்டேன். ஒரு காசு கேட்டதில்லை. கிடைத்ததெல்லாம் பொன்னாடைதான். உன் விழாக்களில் நான்கு, மற்ற ஊர் விழாக்களில் ஏழு, ஆக மொத்தம் பதினொன்று. அலமாரியின் கீழ்த்தட்டை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. அதில் ஒன்றை ஆப்ரின் வெட்டி சோபா தலையணைக்கு உறை தைத்துவிட்டாள். அதற்காவது ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

உன் பதில் வந்த பிறகுதான் கதை தபாலில் ஏறும். மைமூனுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

உன் ராத்தா
சுலைஹா


பத்து பாகாட்
21 ஜனவரி 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் எல்லாரும் நலம். சர்க்கரை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஆடுகிறது. தே தாரிக்கை விட்டது நிஜம்தான், வீட்டில். கடையில் குடிப்பதை மைமூனிடம் சொல்லிவிடாதீர்கள். முட்டிக்கு அந்தச் சிவப்புத் தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

"சிரிக்காதே" என்று எழுதியிருந்தீர்கள். நான் சிரித்து முடித்த பிறகுதான் அந்த வரிக்கே வந்தேன். மன்னிக்கவும்.

ராத்தா, உங்களுக்குத் தெரியாததா? ஒரு இதழுக்கு முந்நூறு பிரதி அடிக்கிறேன். நகைக்கடை ஒன்று, துணிக்கடை இரண்டு, விளம்பரம் அவ்வளவுதான். மிச்சம் என் சாப்பாட்டுக் கடைக் கல்லாவிலிருந்து போகிறது. உங்களுக்கு ஐம்பது கொடுத்தால் மற்றப் பதினாலு பேருக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், "அக்காவுக்கு மட்டும் குடுத்துட்டான் பாரு" என்று ஜோகூர் முழுக்கப் பேச்சாகும். லாயாங் லாயாங்கில் இருக்கும் பிரேமகுமார் அண்ணனைப் பாருங்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தன் கைக்காசில் தபால்தலை ஒட்டி மூன்று மாதத்துக்கு ஒரு கவிதை அனுப்புகிறார். ஒரு நாள் கேட்டிருப்பாரா?

இது வியாபாரம் இல்லை, ராத்தா. மொழிக்கு நாம் செய்கிற சேவை. காசு உள்ளே வந்தால் எழுத்து கெட்டுப்போகும். நீங்கள் ஏதோ கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கதையை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள். ஆப்ரினுக்கு மாமாவின் ஸலாம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
சுப்ஹான்


கெலாங் பாத்தா
2 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் இன்னும் பாதிப் புட்டி இருக்கிறது. உடம்புக்குக் குறை இல்லை. வெள்ளிக்கிழமை போனில் மீன் விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். நீயும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. அத்தா இருந்திருந்தால் நம்மை மெச்சியிருப்பார்.

இப்போது தாளில் கேட்கிறேன், பதில் சொல். சேவை என்கிறாயே, அதை உன் அச்சகத்தாரிடம் சொல்லிப் பார்த்தாயா? "அண்ணே, மொழிக்குச் சேவை, இந்த எதழ சும்மா அடிச்சிக் குடுங்க லா" என்று கேட்டுப் பாரேன். அட்டை வரைகிறவருக்குக் காசு. தாள்காரனுக்குக் காசு. தபாலாபீசில் எடை போட்டுப் பார்த்துக் காசு வாங்குகிறார்கள். விழாவுக்கு மைக் செட் கொண்டுவருகிறவர் முன்பணம் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. இத்தனை பேருக்கும் காசு கொடுத்து நீ என்னத்தை அச்சடிக்கிறாய்? நாங்கள் எழுதியதைத்தானே? அதை எழுதினவளுக்கு மட்டும் சேவையா?

உன் கடையில் ரொட்டி சானாய் போடுகிற ஆசிக், மாவை விசிறுவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். அவனுக்கும் கலை ஆர்வம்தான். அதற்காக மாசக் கடைசியில் ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்புகிறாயா? சம்பளம் வாங்குவதால் அவன் ரொட்டி கெட்டுப்போயிற்றா?

காசு வந்தால் எழுத்து கெட்டுப்போகுமாம். காசே வாங்காமல் எத்தனை பேர் எழுத்து உன் பத்திரிகையில் கெட்டுப்போய் வந்திருக்கிறது, பெயர் சொல்லட்டுமா? வேண்டாம், உன் மனசு புண்படும்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ஐம்பது வெள்ளி. அதற்கு ஒரு ரசீது. ரசீது முக்கியம்.

மைமூனின் இருமல் நின்றதா? கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துக் கொடு.

உன் ராத்தா
சுலைஹா


பத்து பாகாட்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கருஞ்சீரகம் வேலை செய்தது. மைமூன் உங்களுக்குத் துஆ செய்கிறாள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் என் மரமண்டையில் ஏறியது. மச்சான் போய் மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் ஆப்ரின் சம்பளம் ஒன்றுதான் ஓடுகிறது. ராத்தா வாய் திறந்து கேட்கிறார் என்றால் கையில் முடை இருக்கிறது என்று இந்தத் தம்பிக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? வெட்கமாக இருக்கிறது.

ஆப்ரின் உங்களுக்குத் திறந்து கொடுத்த புதுக் கணக்குக்கு ஐந்நூறு வெள்ளி அனுப்பியிருக்கிறேன். இது பத்திரிகைக் காசு இல்லை, என் காசு. தம்பி ராத்தாவுக்குக் கொடுப்பதற்கு ரசீது எதற்கு? மாதா மாதம் ஏதாவது அனுப்பப் பார்க்கிறேன். மைமூனும் சரி என்றுவிட்டாள்.

இனி அந்தக் காசுப் பேச்சு வேண்டாம். கதையை அனுப்பிவிடுங்கள். மலருக்கு நடுப்பக்கத்தை உங்களுக்காக வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி
சுப்ஹான்


கெலாங் பாத்தா
22 பிப்ரவரி 2025

தம்பி சுப்ஹானுக்கு,

ஸலாம். நலம்.

உன் ஐந்நூறைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் மச்சானின் பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது. எனக்கு முடை இல்லை. நான் உன்னிடம் கையேந்தவில்லை, செய்த வேலைக்குக் கூலி கேட்டேன். கூலியைக் கொடுக்க மாட்டேன், தர்மம் வேண்டுமானால் பத்து மடங்கு கொடுக்கிறேன் என்கிறாய்.

தனியாக ஒரு பார்சல் வரும். பதினொரு பொன்னாடையும் அதில் இருக்கின்றன, தலையணை உறை உட்பட. எனக்கு இடம் அடைக்கிறது.

கதை வராது. நடுப்பக்கத்தில் வேறு யாருடையதையாவது போட்டுக்கொள்.

சுலைஹா


பத்து பாகாட்
1 மார்ச் 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாளை முதல் நோன்பு. இந்த நேரத்தில் இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று கஷ்டமாகத்தான் இருக்கிறது. முட்டி வலியோடு தராவீஹ் முழுக்க நின்று தொழ வேண்டாம், நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

பார்சல் கடைக்கே வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூட்டத்தில் ஆசிக் அதைப் பிரித்து, "முதலாளி, புது மேசை விரிப்பா?" என்று கேட்டான். அத்தனை பேர் முன்னாலும் நான் என்ன சொல்வது?

நீங்கள் கேட்டதற்கெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நானும் ஒன்று கேட்கிறேன். முந்நூறு பிரதி அடிக்கிறேன் என்றேனே, சந்தா கட்டி வாங்குகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நாற்பத்தொரு பேர். மற்றதெல்லாம் இலவசம். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஐந்து, ஆறு பிரதி வேண்டும். மாமாவுக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று. உங்களுக்கே இதழுக்கு ஆறு. பக்கத்து வீட்டு ஷாமளா டீச்சருக்குக்கூட என் செலவில்தான் போகிறது. ஆண்டுச் சந்தா நாற்பது வெள்ளி. பத்து வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீங்கள் கட்டியிருக்கிறீர்களா, ராத்தா?

எழுதுகிறவர்களே காசு கொடுத்து வாங்காத பத்திரிகை, எழுதுகிறவர்களுக்கு எங்கிருந்து காசு கொடுக்கும்?

எழுதிவிட்டேன். கை வலிக்கிறது. அத்தா சொன்ன மாதிரி கோபம் இறங்கவில்லை. பெருநாளைக்கு வழக்கம்போல வந்துவிடுங்கள். மைமூன் உங்களுக்கென்று ரெண்டாங் கறிக்கு மாட்டிறைச்சி சொல்லி வைத்திருக்கிறாள்.

சுப்ஹான்


கெலாங் பாத்தா
6 ஏப்ரல் 2025

அன்பு மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமி, பிள்ளைகள் எல்லாரும் நலமா? பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் உங்கள் பத்திரிகையில் திருத்துகிற மாதிரி திருத்திக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வேலைக்குத் துவாஸ் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், செக்பாயிண்டில் இன்றைக்கும் நல்ல ஜாம்.

பெருநாளைக்கு அம்மா வராததற்கு முட்டி வலி காரணம் இல்லை மாமா. உங்களுக்கும் தெரிந்திருக்கும். அன்றைக்கு எதிர் பிளாட்டில் நாலு மாடி ஏறி கேத்துப்பாட் சோறு கொடுத்துவிட்டு வந்தார். போனில் நீங்கள் கூப்பிட்டபோது குளியலறையில் இருப்பதாகச் சொன்னேனே, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்கும் மன்னிப்பு.

அம்மா உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆனால் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

டிசம்பரில் பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மா பெயரில் கணக்குத் திறந்தேன் இல்லையா? கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், என் வயசுதான் இருக்கும், ஃபாரத்தை நிரப்பினாள். என்ன வேலை என்று கேட்டாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "பெனுலிஸ்" என்றார். எழுத்தாளர் என்று. அந்தப் பெண் கையைத் தூக்கி, "வாஹ், பெஸ்ட்லா மக்சிக்!" என்று சிரித்தாள், பிரமாதம் ஆன்ட்டி என்று. மாசம் எவ்வளவு வரும் என்றாள். அம்மா ஒன்றும் இல்லை என்றார். வருஷத்துக்கு? ஒன்றும் இல்லை. இது வரைக்கும் ஒரு ரசீதாவது, ஒரு செக்காவது? அதுவும் இல்லை. அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, "அப்படின்னா சிஸ்டம் ஏத்துக்காது மக்சிக், சூரி ரூமான்னு போட்டுக்கறேன், சரியா?" என்று கேட்டுவிட்டு, குடும்பத் தலைவி என்று அடித்துவிட்டாள்.

அம்மா சரி என்று தலையாட்டினார். காரில் ஏறின பிறகு, "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. முப்பத்தோரு கதை எழுதி ஒரு துண்டுச் சீட்டு வாங்கி வைக்கல பாரு, என் மேலதான் தப்பு" என்றார். வீடு வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதார் மாமா. மறைத்துத்தான் அழுதார்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற ‘ஆற்றுமுகம்’ எல்லாவற்றையும் எடுத்து எண்ணினார். கூடுதல் பிரதிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டினார். "தம்பி சொல்றது சரிதான்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. உங்களுக்கு மட்டும் இல்லை, யாருக்குமே. மேசையில் இப்போது அரிசி புடைக்கிற முறம் இருக்கிறது.

நான் எழுதினது தெரிய வேண்டாம். பஸ் நகர்கிறது.

உங்கள் மருமகள்
ஆப்ரின்


பத்து பாகாட்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டாங்கை ஃபிரீசரில் வைத்திருக்கிறாள் மைமூன். நீங்கள் வந்து தின்னும் வரைக்கும் யாரும் தொடக் கூடாதாம். பசங்கள் அந்தப் பக்கம் போனாலே கரண்டியைத் தூக்குகிறாள்.

நோன்பு முடிந்த பிறகு கடையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. சும்மா இருக்காமல், போன வருட விழாக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொன்னாடை முப்பத்திரண்டு வாங்கியிருக்கிறேன். தலைமை தாங்கினவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசினவர், வாழ்த்திப் பேசினவரை அறிமுகப்படுத்தினவர், பேனர் கட்டினவர் வரைக்கும். சந்தன மாலை தனி. என் படம் போட்ட பேனர் இரண்டு. எல்லாம் சேர்ந்து ஆயிரத்து நூறு வெள்ளி. மலரில் எழுதுகிற பதினைந்து பேருக்கும் கதைக்கு ஐம்பது, கட்டுரைக்கு நாற்பது, கவிதைக்கு இருபது என்று கொடுத்தால்கூட ஐந்நூறைத் தாண்டாது.

பத்து வருடமாக இந்தக் கணக்கை நான் போட்டே பார்க்கவில்லை, ராத்தா. விழா என்றால் பொன்னாடை, அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எழுதினவர்கள் எல்லாரும் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினார்கள், மேலே மேடையில் எழுதாதவர்களுக்கு நான் போர்த்திக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆசிக்கைப் பற்றி எழுதினது அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது அவன் மாவை விசிறும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது.

சந்தா விஷயத்தில் நான் கேட்டது சரி. கேட்ட விதம் தப்பு. ஐந்நூறு அனுப்பியது அதைவிடத் தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.

கூடவே இன்னொரு தாள் இருக்கிறது. பத்திரிகை முத்திரை குத்தி, டைப் அடித்தது. "எழுத்தாளர் திருமதி சுலைஹா அவர்களுக்கு, தங்கள் சிறுகதைக்கு ஐம்பது வெள்ளி சன்மானம் வழங்க இசைகிறோம்" என்று. ரசீதில் தொழில் என்ற இடத்தில் என்ன போடலாம் என்பதை நீங்களே எழுதி அனுப்புங்கள். நடுப்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

உங்கள் தம்பி
சுப்ஹான்


கெலாங் பாத்தா
4 மே 2025

அன்புத் தம்பி சுப்ஹானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலம். முட்டியும் பரவாயில்லை. மைமூனிடம் சொல், ரெண்டாங்கை இனிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். நான் வரும்போது புதிதாகச் செய்யச் சொல்லிச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

தொழில் என்ற இடத்தில் என்ன போடலாம் என்று கேட்டிருக்கிறாய். பத்து வருடமாக யாரிடமும் எந்த ரசீதிலும் நீ கேட்காத கேள்வி அது. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. துவாஸ் பஸ்ஸில் போகிற ஒரு பிசாசு உனக்கு எழுதியிருக்கிறது. நான் அவளைக் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

அந்தக் கவுண்டர் பெண் என்னைத் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்டா. எவ்வளவு பிரியமாகச் சிரித்தாள் தெரியுமா? எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையிலேயே உட்கார்ந்திருக்கும்போதுதான் மாசம் எவ்வளவு என்று கேட்டாள். குடும்பத் தலைவி என்பதில் எனக்கு என்ன குறை? முப்பது வருடம் குடும்பம் நடத்தினேன். ஆனால் நான் அந்த நாற்காலியில் அதைச் சொல்லவில்லையே.

உன்னிடம் இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். உன் முன்னால் சின்னவளாகிவிடுவேன் என்று பயம். காசு ஆசை என்றே நீ நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், கூடவே என் பில். தொழில் என்ற இடத்தில் எழுத்தாளர் என்று எழுதியிருக்கிறேன், மூன்று தடவை கிழித்துவிட்டு நான்காவது தாளில். நாற்பது வெள்ளி மணியார்டரும் இருக்கிறது, இந்த வருடச் சந்தா. ஒரு பிரதி போதும். ஷாமளா டீச்சரிடமும் பேசிவிட்டேன். "அடடே, இது காசு குடுத்து வாங்கற புக்கா? ஏன் இத்தன நாளா சொல்லல?" என்று அவரும் கட்டிவிட்டார். பார், நாம்தான் யாரிடமும் கேட்பதே இல்லை.

விழாவுக்கு நான் வரவில்லை. மேடை ஏறினால் பழக்கதோஷத்தில் யாராவது போர்த்திவிடுவீர்கள்.

உன் ராத்தா
சுலைஹா


பத்து பாகாட்
16 ஜூன் 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் அலைச்சலில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. விழா சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. வராமல் இருந்து பெரிய வேடிக்கையை விட்டுவிட்டீர்கள்.

பொன்னாடை ஒன்றுகூட வாங்கவில்லை. ஆனால் விருந்தினர்களுக்குப் போர்த்தாமல் விட்டால் அடுத்த வருடம் விளம்பரம் வராது. யோசித்தேன். உங்கள் பார்சல்தான் இருக்கிறதே! மைமூன் பத்தையும் துவைத்து, இஸ்திரி போட்டு, சந்தனம் தெளித்து மடித்துக் கொடுத்தாள். நகைக்கடைக்காரருக்கு ஒன்று, துணிக்கடைக்காரருக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எதிர்பாராமல் ஒரு பெரிய மனிதர் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். கையில் மிச்சம் இருந்தது ஆப்ரின் தைத்த தலையணை உறை. அலமாக்! ஆசிக் அதன் தையலைப் பிரித்துக் கொண்டுவந்தான். போர்த்தினேன். ஒரு தோள்பட்டைக்குத்தான் வந்தது. மனிதர் அதையும் சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு எழுதினவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுப் பண உறை கொடுத்தேன். உறையில் பெயர், படைப்பின் பெயர், சன்மானம். பிரேமகுமார் அண்ணனுக்கு இருபது வெள்ளி. வாங்கிக்கொண்டு போனவரை விழா முடிந்தும் காணோம். தேடிப்போனால் மண்டபத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு. "இருவத்தாறு வருஷமா எழுதறேன் தம்பி, இதான் மொத தடவ" என்றார். நீங்கள் எப்போதும் கேட்டதே இல்லையே அண்ணே என்றேன். "நீங்க யாரும் குடுக்கட்டுமான்னு கேட்டதில்லையே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், கோபமே இல்லை. நான் அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு நான் எழுதின முதல் பதிலில் அவரைத்தானே சாட்சிக்கு இழுத்திருந்தேன்.

அடுத்த இதழிலிருந்து பக்கம் குறையும், கலர் அட்டை இருக்காது. கொடுக்க முடிகிற வரைக்கும் கொடுப்பேன். முடியாவிட்டால் நிறுத்துவேன், ஆனால் சும்மா எழுதித் தாருங்கள் என்று இனி யாரிடமும் கேட்க மாட்டேன்.

உங்கள் செக்கும் ரசீதும் உள்ளே இருக்கின்றன. கதையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று பார்க்காதீர்கள். அச்சுக்குப் போகும் முன் நான்கு தடவை படித்தேன்.

உங்கள் தம்பி
சுப்ஹான்


கெலாங் பாத்தா
25 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் விட்டதா? வெயிலில் அலையாதே. தலையணை உறைக் கதையை ஆப்ரினுக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. பிரேமகுமார் அண்ணனைப் பற்றிய இடத்தை அவளுக்கு என்னால் வாசிக்க முடியவில்லை, அவளே வாங்கிப் படித்துக்கொண்டாள்.

செக் வந்த மறுநாளே பேங்குக்குப் போனேன், தனியாக. நம்பர் வந்தது, அதே பெண். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, தினமும் எத்தனை பேரைப் பார்க்கிறாள். செக்கை நீட்டி, தொழிலை மாற்ற வேண்டும் என்றேன். மலாயில் தடுமாறி எப்படியோ சொல்லிவிட்டேன். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தமிழ் எழுத்துக்கு மேல் விரலை வைத்து, இதில் மக்சிக் பெயர் எது என்று கேட்டாள். காட்டினேன். "பெனுலிஸ்" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். ஐம்பது வெள்ளிதானே என்று அவள் சிரிக்கவில்லை. அவள் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து மெஷினில் அந்த ஐம்பதை எடுத்துவிட்டேன். செக் பணமாக மூன்று நாள் ஆகுமாம், அதனால் அது உன் மச்சான் பென்ஷன் ஐம்பது. இருக்கட்டும், என் கணக்கில் அது கதைக் காசுதான்.

முதல் சம்பளம் வாங்கினால் பெரியவர்கள் கையில் கொடுப்போம். அத்தாவும் இல்லை, அம்மாவும் இல்லை. யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்கு இல்லை, முதலில் உன் கடைக்கு. மேசையில் உட்காருவேன், ஒரு மட்டன் பிரியாணி சொல்லுவேன். சாப்பிட்டுவிட்டு கல்லாவுக்கு வந்து காசு கொடுப்பேன். கடை வைத்து இருபத்திரண்டு வருடத்தில் நீ என்னிடம் ஒரு சென் வாங்கினதில்லை. நீ சமைப்பதும் சேவை இல்லைடா, வேலை. வாங்கிக்கொள்ள வேண்டும். "ராத்தா, என்ன இது" என்று ஆரம்பித்தாயோ, அடுத்த கதை கிடையாது.

உன் ராத்தா
சுலைஹா


பத்து பாகாட்
2 ஜூலை 2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாக வீடு சேர்ந்தது அறிந்து சந்தோஷம். மைமூன் கொடுத்த ரெண்டாங் கெடவில்லையே?

ஞாயிற்றுக்கிழமையைப் போனில் பேசியிருக்கலாம். சண்டை இல்லாத விஷயம்தான். ஆனால் அதைப் பேச ஆரம்பித்தால் நான் மீன் விலைக்குத் தாவிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நீங்கள் பையிலிருந்து காசை எடுத்து எண்ணி வைத்தபோது என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கல்லாவைத் திறக்கவே மறந்து நின்றேன். ஆசிக்தான் வந்து, "முதலாளி, கஸ்டமர் நிக்கிறாங்க" என்று தட்டினான்.

பிரியாணி பதினெட்டு வெள்ளி. நீங்கள் இருபது கொடுத்துவிட்டு மீதியை வாங்காமல் போய்விட்டீர்கள். இரண்டு வெள்ளியை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்தாளர்களிடம் டிப்ஸ் வாங்கும் வழக்கம் எங்கள் கடையில் இல்லை.

அடுத்த இதழுக்கான கதை ஆகஸ்ட் பதினைந்துக்குள் வர வேண்டும். பில்லை மறக்க வேண்டாம்.

உங்கள் தம்பி
சுப்ஹான்